சிவப்பு மூஞ்சூறு

அப்பாவுக்கு நான் மூத்த பிள்ளை இல்லை. எனக்கு முன்னால் ஒரு மூஞ்சூறு பிறந்திருந்தது.

மியூசியத்தில் பாலூட்டிகள் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். யாரோ எப்போதோ பிடித்து ஸ்பிரிட்டில் போட்டிருந்த இரண்டு மூஞ்சூறுகள் ஒரு ஜாடியில் இருந்தன. செக்கச்செவேலென்ற முடி. நாட்டில் அதுவரை தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறம்தான். புது இனம் என்று கட்டுரை எழுதி, அறிவியல் பெயரில் அம்மாவின் பெயரைச் சேர்த்துவிட்டார். கல்யாணமான புதிது.

"அவனவன் பொண்டாட்டிக்கு நகை வாங்கித் தருவான். இவரு எலிக்கு என் பேரை வச்சாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அம்மா மானத்தை வாங்குவாள்.

"எலி இல்லம்மா, மூஞ்சூறு" என்பார் அப்பா.

அதன்பிறகு சிவப்பு மூஞ்சூறு யார் கண்ணிலும் படவில்லை. மழைக்காலம் வந்தால் அப்பா பொறிகளைத் தூக்கிக்கொண்டு மலையேறுவார், சளியோடு திரும்புவார். கடைசியில், அழிந்திருக்கக்கூடும் என்று அருகிவரும் உயிரினங்களின் புத்தகத்தில் போட்டார்கள்.

இப்போது அதே பிரிவில் நான். நாட்டின் பாலூட்டிகள் பட்டியலைப் புதுப்பிக்கிறோம். அதில் வௌவால் இனங்கள் கூடிக்கொண்டே போவதில் எல்லாருக்கும் குஷி. என் தலையில் விழுந்தது அந்த ஜாடி. டி.என்.ஏ. பார்த்தேன். தோட்டத்தில் திரியும் அதே சாம்பல் மூஞ்சூறு. ஸ்பிரிட்டில் காலங்காலமாக ஊறியதில் முடி சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். தப்பு என்னுடையதாக இருக்கக் கூடாதா என்று மறுபடியும் செய்து பார்த்தேன். அப்பா கண்டுபிடித்ததென்று இருப்பது அந்த ஒன்றுதான். அதைப் பட்டியலிலிருந்து நான் அடிக்க வேண்டும்.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் எனக்கு வாயே வராது.

அப்பா தட்டையே பார்த்தார். "மண்டையோடு?"

"அதேதான்ப்பா."

"பல்லு?"

"ஒத்துப்போகுது."

"அப்ப எழுதிடு."

அம்மாவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, உனக்கு வேற ஜாடியே கிடைக்கலையா? அந்த மனுஷன் அதைத் தேடித் தேடியே கால் தேஞ்சு போனாரு!" முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அத்தனை கிண்டலுக்கு அடியில் எவ்வளவு பெருமை இருந்ததென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பா கையைக்கூடக் கழுவாமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அழாத. உன் பேரு வச்சது அழிஞ்சுபோச்சுன்னு புத்தகத்துல போட்டாங்கல்ல, அன்னையிலேருந்து எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். நீ லேசா இருமினாக்கூடத் தூக்கம் வராது. பைத்தியக்காரத்தனம்தான். யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இப்ப?"

"அழியவே இல்ல. பொறியில விழுந்ததெல்லாம் அதுதான். சாம்பலா இருக்கேன்னு நான்தான் திறந்து விட்டுட்டேன்."

"உயிரோடதானே விட்டீங்க?"

"ஆமா."

"அப்புறம் என்ன" என்றாள் அம்மா, அவருடைய எச்சில் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. "சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

கையை மட்டும் விடவில்லை.