குலுக்கிப் பார்த்த மிதவை

காதுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. பானெட்டைத் திறக்காமலேயே எஞ்ஜினுக்கு என்ன கேடு என்று சொல்லிவிடும் மெக்கானிக். பெயர் வாங்கித் தந்த அந்த வலது காதில் ஒரு வருடமாக ஈ பறந்தாலும் இடி விழுந்தாலும் ஒன்றுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பக்கம் நின்று யார் என்ன பேசினாலும் தலையாட்டிச் சமாளித்தார். பெயரைக் காப்பாற்ற மனிதன் என்னென்ன கூத்து ஆடுகிறான்!

ஒரு திங்கட்கிழமை காலை தங்கை புருஷன் தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். அந்த வண்டி அவனுக்கு உயிர்.

"மச்சான், பெட்ரோல் வாடை குடலப் புரட்டுது. உங்க தங்கச்சி ஏறவே மாட்டேங்கிறா."

கார்புரேட்டரைக் கழற்றினார். அதன் வேலை எளிதுதான். எஞ்ஜின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாகப் பாயும்போது, பக்கத்துக் கிண்ணத்திலிருக்கும் பெட்ரோலைச் சிறு துளை வழியாக உறிஞ்சித் தன்னோடு கொண்டுபோகும். கிண்ணம் வழியாமல் காவல் காப்பது ஒரு பித்தளை மிதவை. உள்ளே வெறும் காற்று. பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறி, ஓர் ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிடும். மிதவையில் ஓட்டை விழுந்தால் போச்சு. உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கிவிடும், வழி அடைபடாது, பெட்ரோல் பொங்கிச் சூடான எஞ்ஜின் மேல் வழியும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் மிதவையை வெந்நீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். காதுக்காரருக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். காதோரம் வைத்து ஒரு குலுக்கு, உள்ளே தளும்பினால் ஓட்டை, அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கம், கை தானாக வலது காதுக்குப் போனது. சத்தமில்லை. இடது காதுக்கு மாற்றலாமா என்று தோன்றியது. தங்கை புருஷன் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுது மச்சான்?"

"மிதவை நல்லாத்தான் இருக்கு. ஊசிதான் தேஞ்சிருக்கு."

புது ஊசியைப் போட்டு அனுப்பினார்.

வியாழக்கிழமை, மேட்டுச் சாலையில் மறுபடியும் வாடை. அவன் வண்டியை நிறுத்தி பானெட்டைத் தூக்கினான். தீ முகத்தில் பாய்ந்தது. வழியில் போனவர்கள் மண்ணை வாரிக் கொட்டி அணைத்தார்கள். வண்டி அரைகுறையாகப் பிழைத்தது. அவன் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தான்.

"கையில சிகரெட்டோட தொறந்திருப்பாரு" என்று தங்கை வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "எத்தனை தடவ தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா?" செத்தவனைத் திட்டித் திட்டி அழுதாள். உள்ளே சந்தேகம் அரித்தாலும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். பாவி.

இரண்டு வாரம் கழித்துக் கருகிய வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். விற்பதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தங்கையும் வந்தாள். அவர் கார்புரேட்டரை மேசையில் வைத்துத் திறந்தார். கிண்ணம் வறண்டிருந்தது. மிதவை முழுசாக இருந்தது. எடுத்துப் பழக்கத்தில் வலது காதோரமே குலுக்கினார். சத்தமில்லை. அப்பாடா என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"என்னண்ணே உள்ள தளும்புது?" என்றாள் மேசைக்கு எதிரே நின்ற தங்கை.

அவளே எட்டி வாங்கித் தன் காதோரம் குலுக்கினாள். மறுபடியும் குலுக்கினாள்.

"பெட்ரோலா? இதுக்குள்ள இருக்கலாமா?"

"கூடாதும்மா."

"அன்னைக்கு நீ பாத்தியே?"

"பாத்தேன். எனக்கு இந்தக் காது ஒரு வருஷமா கேக்கல. யார்கிட்டயும் சொல்லல."

அவள் அழவில்லை. மிதவையை இறுகப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"பதினஞ்சு நாளா அந்த மனுஷனத் திட்டிட்டு இருந்தேன்" என்றாள். "நீ பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டிட்டு இருந்த."