வாசுதேவன் குசினியால் போன ரலி

2002 ஒக்டோபர் இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று பத்துக்கு, பிரான்சின் சேன் லூசியான் மலை ரலிப் பந்தயத்தில் அந்த ஆண்டு வென்ற நீலக் கார் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் வாசுதேவனின் வரவேற்பறை வழியாகப் போனது. பல்கனியால் வந்து, அடுப்பைத் தாண்டிக் குசினியால் வெளியேறியது. வீடு மூன்றாம் மாடி. உடைந்தது ஒரேயொரு கோப்பை. கம்பளத்தில் அப்பிய செம்மண்ணை அவர் மனைவி மகாதேவி இரண்டு தரம் கழுவியும் நிறம் போகவில்லை. அடுத்த ஆண்டு வென்ற சிவப்புக் காரும் அதற்கடுத்த ஆண்டு வென்ற வெள்ளைக் காரும் அதே நேரத்துக்கு அதே வழியால் வந்தன. ஒக்டோபர் பிறந்ததும் கம்பளத்தைச் சுருட்டிவிட மகாதேவி பழகிக்கொண்டார்.

கீழ்வீட்டு நவரத்தினத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? அந்த ரலியை 1958 முதல் வென்றவர்களின் பெயர்களைத் தேடிப்பிடித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பவர் அவர். 1974இல் பனியால் ரலி நின்றது, 1981இல் ஒரு பேக்கரிக்காரர் மூன்று சக்கரத்தில் வந்து வென்றது எல்லாம் அவருக்கு மனப்பாடம். வாசுதேவனுக்கோ கார் ஓடவே தெரியாது. சாரதிச் சோதனையில் நாலு தரம் கோட்டை விட்ட மனிதர். ஹம் நகர அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நவரத்தினம் கார் ஓட்ட, பக்கத்தில் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, "பாலத்துக்கு முதல் இடப்பக்கம் அண்ணை, வளைவு இறுக்கம், மெல்லப் போங்கோ" என்று சொல்லிக்கொண்டு போவதுதான் அவருக்கும் காருக்கும் இருந்த ஒரே உறவு.

"ஒண்டும் தெரியாதவனுக்குத்தான் எல்லாம் வாய்க்குது" என்று நவரத்தினம் புகைந்தார். "அப்ப நீங்களும் பல்கனிக் கதவைத் திறந்து வையுங்கோவன்" என்றார் மனைவி கமலாம்பிகை. திறந்து வைத்தார். தடிமனும் தும்மலும் மட்டும் வந்தன. அந்த ஆத்திரத்தில் 2005இல் வழி சொல்லும் நாவி ஒன்றை வாங்கிக் காரில் பூட்டி, வாசுதேவனைக் கூப்பிடாமலே தேருக்குப் புறப்பட்டார். நாவி அவரை ஒரு பன்றிப் பண்ணை வாசலில் கொண்டுபோய் விட்டது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர் வீதி சுற்றி முடித்து இருப்புக்கு வந்திருந்தது. ரயிலில் வந்த வாசுதேவன் விபூதியும் கையுமாக நின்றார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு பேச்சில்லை.

2007 ஒக்டோபரில் பொறுக்க மாட்டாமல், தேங்காய்த் திருவலை இரவல் கேட்கும் சாட்டில் நவரத்தினம் மேலே ஏறினார். மூன்று பத்துக்கு மஞ்சள் கார் வந்தது, சோபாவுக்கு முன்னால் நின்றது. ஓட்டுநரின் பக்கத்து ஆசனத்துக்காரன் குமட்டலில் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினான். மகாதேவி மல்லித்தண்ணி கொடுத்தார். "நான் வாறன்! முப்பது வருசமா ஓடுறன்!" என்று நவரத்தினம் முன்னால் பாய்ந்தார். "ஓட நான் இருக்கிறேன். வழி சொல்லத்தான் ஆள் வேண்டும்" என்று ஓட்டுநர் ஜெர்மன் மொழியில் சொல்லி, பாதைக் குறிப்புகளை வாசுதேவனிடம் நீட்டினார். வாசுதேவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "இரவுச் சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்று மனைவியிடம் சொல்லி ஏறினார். சொன்னபடியே வந்தும் விட்டார், கையில் வெற்றிக் கிண்ணத்தோடு.

மறுநாள் பத்திரிகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. நவரத்தினத்தின் கொப்பியில் ஓட்டுநருக்கு மட்டுமே இடம். பக்கத்தில் இருந்தவர்களை அவர் ஒருநாளும் எழுதியதில்லை. வாசுதேவனையும் விட்டுவிட்டால் கேட்க ஆளில்லை. நாலு நாள் கொப்பியைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் அடிமட்டம் வைத்து இன்னொரு கோடு இழுத்து, வாசுதேவன் என்று எழுதினார். பென்சிலால்தான், அதுவும் சின்ன எழுத்தில்.

அடுத்த ஆண்டுத் தேருக்கு நாவியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு மேல்வீட்டுக் கதவைத் தட்டினார். "வரைபடத்தை எடுத்துக்கொண்டு வாரும்" என்றார், முகத்தைப் பார்க்கவில்லை. வழியில் ஒரு திருப்பமும் பிழைக்கவில்லை. ஒக்டோபரில் கார் வழமைபோல் மேலே போனது. கீழே நவரத்தினம் உட்கூரையிலிருந்து கொப்பியில் உதிர்ந்த செம்மண்ணைத் தட்டிவிட்டார். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பேனாவை எடுத்து, அந்தப் பென்சில் எழுத்துக்கு மேலேயே அழுத்தி எழுதினார்.