ஒரு மாகாணம், ஒரே ஓட்டு

அரசியல் நிர்ணய சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பழைய சினிமா தியேட்டரில் உட்கார்ந்துதான் ஒரு குடியரசை எழுதிக்கொண்டிருந்தோம். நாற்காலிகள் தரையோடு முடுக்கப்பட்டவை. பின்வரிசைக்காரர் திட்டினால் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்க்க வேண்டும். நாட்டிலேயே சிறிய மாகாணம் என்பதால் எங்கள் மூவருக்கும் கழிப்பறைக் கதவை ஒட்டிய வரிசை. அதற்காகவும் சண்டை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரி நர்ஸ். வாயாடி என்று பெயரெடுத்தவள். ஊர்க்காரர்கள் என்னை அனுப்பியதே அந்த வாய்க்காகத்தான். தையல் வேலை செய்யும் என் தங்கை வாடகைக் குடித்தனங்களில் படியேறிப் படியேறி எனக்கு ஓட்டுக் கேட்டாள்.

வந்த வேகத்தில் ஒன்றைச் சாதித்தேன். சபையில் தலையை எண்ணி ஓட்டெடுத்தால் பெரிய மாகாணங்கள் எங்களை ஏப்பம் விட்டுவிடும். ஆகவே தொண்டை கிழியக் கத்தி ஒரு விதி கொண்டுவந்தேன். ஒரு மாகாணத்துக்கு ஒரே ஓட்டு. உள்ளே பெரும்பான்மை எதுவோ, அதைக் குழுத் தலைவர் எழுந்து அறிவிக்க வேண்டும். மறுத்தவர் பெயர் பதிவாகக் கூடாது. பதிவானால் பெரியவர்கள் அந்த ஆளைத் தேடிப்பிடித்து வளைத்துவிடுவார்களே! விதி மயிரிழையில் தப்பி நிறைவேறியது. எங்கள் குழுவுக்கு என்னையே தலைவராக்கினார்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அடுத்து, புதிய நாடாளுமன்றத்தின் மேலவை. எல்லா மாகாணங்களுக்கும் அதில் சம இடம் வேண்டும் என்று மாதக்கணக்கில் மோதினோம். கடைசியில் பெரிய மாகாணங்கள் இறங்கி வந்தன, ஒரு நிபந்தனையோடு: சொந்த வீடோ நிலமோ உள்ளவருக்கு மட்டுமே இனித் தேர்தலில் ஓட்டுரிமை. இரண்டும் ஒரே தீர்மானம். பிரித்து ஓட்டெடுக்க முடியாது.

எங்கள் குழுவில் மற்ற இருவர் ஒரு வக்கீலும் ஒரு மரக்கடை முதலாளியும். தியேட்டரின் டிக்கெட் கொடுக்கும் அறைக்குள் மூவரும் நெருக்கியடித்து நின்றோம்.

"ஒத்துக்கலாம்மா," என்றார் வக்கீல். "சம இடத்துக்குத்தானே இவ்வளவு நாள் கத்தினோம்?"

"வாடகை வீட்டுல இருக்கறவங்க எங்க போவாங்க?"

"வீடு கட்டட்டும். மரம் நான் தர்றேன், விலையக் குறைச்சு." சொல்லிவிட்டு முதலாளியே சிரித்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம மாகாணத்துல பாதிப் பேரு வாடகைக்குத்தான் இருக்காங்க. நானே ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல இருக்கேன். எனக்கே ஓட்டு இருக்காது, தெரியுமா?"

"பின்னாடி திருத்திக்கலாம்மா," என்று வக்கீல் பூசி மெழுகினார்.

"யாரு திருத்துவா? ஓட்டே இல்லாதவனா?"

இரண்டு கைகள் உயர்ந்தன. என் கை உயர்ந்து என்ன, உயராமல் என்ன?

"நான் எந்திரிச்சு சொல்ல மாட்டேன்," என்றேன்.

"தலைவர் சொல்லலைன்னா நம்ம மாகாணமே வரலைன்னு எழுதிடுவாங்க. நம்ம ஒரு ஓட்டு குறைஞ்சாலே தீர்மானம் தோத்துடும், சம இடமும் போயிடும். விதி உங்களோடதுதானே!" வக்கீல் இதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

சபைத் தலைவர் எங்கள் மாகாணத்தைக் கூப்பிட்டார். எழுந்தேன். சிறியவர்களைப் பெரியவர்கள் விழுங்கக் கூடாது என்று நான் கட்டிய வேலிக்குள்ளேயே என்னை விழுங்கியாகிவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"எங்கள் மாகாணம், ஆம்," என்றேன். பிறகு அடக்க முடியாமல், "நான், இல்லை!"

சபைத் தலைவர் மணியைத் தட்டினார். "ரெண்டாவதா சொன்னது குறிப்புல ஏறாதும்மா. நீங்க கொண்டுவந்த விதிதான்."

சபை சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது. இத்தனை நாள் என்னை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் கழிப்பறை வரிசை வரை வந்து கைகுலுக்கினார்கள். ஒரு கையையாவது தட்டிவிட்டிருக்கலாம். தட்டிவிடவில்லை.

வெளியே வந்து தங்கைக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"அக்கா! சம இடம் கிடைச்சிடுச்சாமே! ரேடியோல சொன்னான். தெருவே இங்க கூடியிருக்கு!"

மீதியை நான் சொன்னேன். அவளுக்குப் பின்னால் யாரோ, "அக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"நீ வேண்டாம்னு சொன்னியாக்கா?"

"சொன்னேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னேன்."

"எனக்குத் தெரியும், நீ சொல்லியிருப்பே." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா இவங்க வீட்டுப் படியெல்லாம் நான்தானேக்கா ஏறினேன்? நீ சொன்னது நாளைக்குப் பேப்பர்லயாவது வருமா? இவங்களுக்குக் காட்டணும்."

"சபைக் குறிப்புல இருக்கறதைத்தான் போடுவாங்க," என்றேன். "வராது."