எலுமிச்சம்பழமும் இருநூறு குதிரைகளும்

சமையலறையைப் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தைப் பரமசிவம் ஒரு பழைய பந்தயக் காரைப் புதுப்பிக்கக் கொட்டிவிட்டார். பழங்கார் என்பதால் அந்த ஊர்ச் சட்டப்படி வருடத்தில் நாற்பத்தைந்து நாள்தான் அதை ஓட்ட அனுமதி. மிச்ச நாளெல்லாம் துடைக்கலாம். முதல் நாளே மக்கர் செய்தால் விற்றுவிடுவதாக மனைவி லீலாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் பூசை முடிந்தது. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்குள் கார் அணைந்துபோனது.

“இருநூறு குதிரை சக்தின்னீங்க?” என்றாள் லீலா.

“வெள்ளிக்கிழமை லா. எல்லாம் விரதம்.”

பூக்கடைக்காரரும் எதிர்க்கடை இப்ராஹீமும் வழியில் போன நால்வரும் கேட்காமலே வந்து தள்ளினார்கள். லீலாவும் முந்தானையைச் செருகிக்கொண்டாள். பழம் நசுங்கியது, இஞ்சின் மட்டும் வாய் திறக்கவில்லை.

“வித்துடவா?” என்றார் பரமசிவம்.

“இத்தனை பேர் கை வச்ச வண்டிய எப்படிங்க விக்கிறது? அடுத்த தடவை நீங்க தள்ளுங்க. நான் உக்காந்துக்குறேன்.”