கோண்டாவிலில் கேட்கும் வெடி

கஜந்தி இங்கிலீசுத் துவக்கால் சுட்டால், ஜெர்மனியில் ஹாம் நகரத்தோடு ஒட்டிய ஊன்ட்றொப்பில் சத்தம் வராது. துவக்கு தோளை உதைக்கும், குழல் வாயில் புகை வரும், நூறு மீற்றருக்கு அப்பால் அட்டையில் ஓட்டை விழும். சத்தம் மட்டும் அவள் பிறந்த ஊரான கோண்டாவிலில், அம்மா கமலாம்பிகையின் காதுக்குள் போய் விழும். அதே துவக்கை வேறு யார் எடுத்துச் சுட்டாலும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் காமாட்சி அம்பாள் கோபுரத்துப் புறாக்கள் எழும்பிப் பறக்கும். கமலாம்பிகைக்கோ, எண்பத்தேழில் பக்கத்து வளவில் விழுந்த ஷெல்லோடு இரண்டு காதும் முற்றாகப் போயிருந்தன.

கஜந்தி கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வந்தவள். கணவன் உமாபதி ஹாம் நகரத்தில் கம்பித் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தான். அவள் பாஷை படித்து, அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியும் முடித்து, காதுக் கருவி பொருத்தும் கடையொன்றில் சேர்ந்தாள். ஏன் அந்தத் தொழில் என்று யாரும் கேட்கவில்லை. அங்கேதான் இடம் கிடைத்தது என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்று தடவை நல்ல கருவிகளாகப் பார்த்து ஊருக்கு அனுப்பினாள். அம்மா ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கழற்றினாள். நரம்பு செத்த காதுக்குக் கருவியால் செய்ய ஒன்றுமில்லை என்பது கஜந்திக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினாள்.

கடைக்கு வரும் கிழவர்களில் பாதிப் பேர் காட்டோரமாக இருந்த சூட்டுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். இளவயதில் காதைப் பொத்தாமல் சுட்டுச் சுட்டுச் செவிடானவர்கள். அவர்களில் பிரிங்மன் என்பவர் ஒருநாள், கருவியைச் சரிசெய்யும் அவளுடைய கையைக் கவனித்துவிட்டு, இந்தக் கை நடுங்காது, வந்து சுட்டுப் பார் என்றார். அவள் போனாள். காற்றுத் துவக்கில் தொடங்கி, சிறு தோட்டாத் துவக்குக்கு ஏறி, அரசாங்கத்துக்கு அன்ராக் என்ற விண்ணப்பம் எழுதி, பெரிய துவக்கு வைத்திருக்கும் அனுமதியும் எடுத்தாள். கோயிலில் சனம் கதைத்தது. துவக்குக்குப் பயந்து ஓடிவந்த நாட்டிலே போய்த் துவக்குப் பிடிக்கிறாள் என்றது. மூச்சைப் பாதியில் நிறுத்திக் குறி பார்க்கும் அந்தக் கணத்தில் மட்டும் மண்டைக்குள் ஒருவரும் கதைப்பதில்லை என்று உமாபதிக்கு ஒருமுறை சொன்னாள்.

பிரிங்மனுடைய கைகள் நடுங்கத் தொடங்கியபோது தன்னிடமிருந்த இரண்டு பழைய துவக்குகளையும் கொடுத்துவிட முடிவு செய்தார். ஒன்று ஜெர்மன் மவுசர், மற்றது இங்கிலீசு என்ஃபீல்ட். இரண்டும் ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து ஏற்ற வேண்டியவை, இரண்டும் அவரைவிட வயதானவை. ஒன்று கஜந்திக்கு, மற்றது மலைப்பக்கம் வேட்டையாடும் அவருடைய மருமகனுக்கு. தெரிவு முதலில் அவளுக்கு. கோடை முடியும்வரை இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல் என்றார். உமாபதி, "உமக்கு எது வேணுமோ எடும். ஆனா ஒண்டுதான் வீட்டுக்கு வரும்" என்று சொல்லி இரும்பு அலுமாரிக்கு இடம் ஒதுக்கினான்.

மவுசர் முரட்டுச் சாமான். போல்ட்டைத் தூக்கப் பலம் வேண்டும், உதை தோளில் நீலம் பாய வைக்கும். ஆனால் வைத்த இடத்தில் அடிக்கும், ஐந்து தோட்டாவும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். என்ஃபீல்டின் போல்ட் எண்ணெய் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். அதில் குறி பார்க்கும் பின்பக்கத் தகட்டில் இருந்த சிறு துளை ஐம்பதை நெருங்கும் அவளுடைய கண்ணுக்குச் சுகமாக இருந்தது. ஆனால் குழல் தேய்ந்துபோய், ஓட்டைகள் ஒரு சோற்றுக் கோப்பை அகலத்துக்குச் சிதறின. மாவட்டப் போட்டிக்குப் போவதென்றால் மவுசர்தான் என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கும் போட்டிக்குப் போக ஆசை இருந்தது.

என்ஃபீல்டை அவள் முதன்முதல் சுட்ட சனிக்கிழமை சத்தம் வராததால், தோட்டா குழலுக்குள் சிக்கிவிட்டது என்று சூட்டுத் தளப் பொறுப்பாளர் எல்லோரையும் நிறுத்தினார். போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் பார்த்தார்கள். மறுபக்கத்து வெளிச்சம் துப்புரவாகத் தெரிந்தது. அட்டையில் ஓட்டையும் இருந்தது. இன்னொரு தடவை சுடச் சொன்னார்கள். அப்போதும் சத்தமில்லை. பொறுப்பாளர் யோசித்துவிட்டு, இதைத் தடைசெய்ய விதி எதுவும் இல்லை என்றார். சத்தத்தைப் பற்றி வருடக்கணக்காக முறைப்பாடு எழுதிவந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தத் துவக்கைப் பற்றி அறிவிக்கலாம் என்று செயலாளர் சொன்னார்.

அன்றிரவு அண்ணன் தம்பித்துரை கோண்டாவிலிலிருந்து தொலைபேசி எடுத்தான். விளக்கு வைக்கிற நேரம் அம்மா குளறிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிவிட்டாளாம், சுடுறாங்கள் சுடுறாங்கள் என்று. "சரியா ரெண்டு தரம் அண்டைக்குக் கேட்ட மாதிரியே கேட்டதாம்" என்றான். அன்றைக்கு என்றால் எது என்று கஜந்தி கேட்கவில்லை. எண்பத்துநாலில் சந்தியில் பாண் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பிய அப்பாவை, சீருடை போட்ட ஒருவன் த்ரீ நொட் த்ரீயால் சுட்டான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, கேட்கிற நிலையில் ஒருவரும் இருக்கவில்லை. அம்மா அதை அடுப்படியில் நின்று கேட்டவள். அந்தத் த்ரீ நொட் த்ரீயும் பிரிங்மனுடைய என்ஃபீல்டும் ஒரே சாதித் துவக்கு. அடுத்த சனி, அண்ணனைக் கைத்தொலைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லிவிட்டு ஒரு வெடி வைத்தாள். இங்கே தோள் அதிர்ந்த அதே நேரம் அங்கே அம்மாவின் உடம்பு தூக்கிப்போட்டது. கஜந்தி துவக்கை வைத்துவிட்டு மவுசரை எடுத்தாள்.

மூன்று கிழமை மவுசராலேயே சுட்டாள். அது ஊன்ட்றொப் முழுவதும் கேட்டது. நாலாம் கிழமை, இரண்டு துவக்கின் கதையையும் அண்ணன் எழுதிக் காட்டியிருக்க, அம்மா திரையில் வந்தாள். தன் குரல் தனக்குக் கேளாதவர்கள் கதைப்பதுபோல் உரத்துக் கதைத்தாள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனி?"

கஜந்தி எழுதிக் காட்டினாள்: உங்களுக்கு அது அப்பாவின்ர சத்தமெல்லோ அம்மா.

"ஓம், அதுதான். ஒண்டும் கேளாமல் இருக்கிறதைவிட அது கேக்கட்டும். அந்தத் துவக்கையே எடு."

கஜந்தி இரவு முழுக்கப் புரண்டாள். திங்கட்கிழமை பிரிங்மனிடம் போய் என்ஃபீல்ட் என்றாள். தேய்ந்த குழலோடு போட்டிக்குப் போக ஏலாது என்று அவர் சொல்லிப் பார்த்துவிட்டு, தாள்களில் கையெழுத்துப் போட்டார். மவுசர் மருமகனோடு மலைக்குப் போய் மான்களைச் சுட்டது. மாவட்டப் போட்டிக்கு வேறொருத்தி போனாள். கஜந்தி சனிக்கிழமைதோறும் அம்மாவுக்காகச் சுட்டாள். வெடிக்குப் பிறகு தளத்தின் வாங்கில் இருந்து அண்ணனோடு கதைப்பாள். அம்மா சீலை மாற்றி, யன்னலோரக் கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருப்பாள். அப்படியே ஒரு வருடம் போயிற்று.

அடுத்த வைகாசியில் ஒரு சனி. துவக்கை இறக்கியவுடன் தம்பித்துரை தொடங்கினான். மனைவிக்குக் கால் வருத்தம், அம்மாவைப் பார்க்க ஏலாமல் இருக்கு, நீ கொஞ்சக் காலம் அங்கே கூப்பிட்டு வைத்திருந்தால் என்ன என்றான். திரையில் அம்மா பக்கத்திலேயே இருந்தாள்.

"இஞ்ச கூப்பிட்டு என்ன அண்ணை செய்யிறது? நானும் அவரும் வேலைக்குப் போனா ஆர் பாக்கிறது? ரெண்டு நாளில எனக்கு விசர் பிடிச்சிடும். அங்கயே இருக்கட்டும். அவவுக்கென்ன, எங்கை இருந்தாலும் ஒண்டுதானே."

"ஒண்டில்லைப் பிள்ளை" என்றாள் அம்மா.

அம்மா கோபப்படவில்லை. பருப்பு விலை சொல்வதுபோலச் சொன்னாள். வெடி விழுந்தால் அதன் அதிர்வு அடங்கும்வரை எல்லாம் கேட்கும். கிணற்று வாளி, தம்பித்துரையின் இருமல், எல்லாம். முதல் சனியே தெரியும். "கிழவி போனா இந்த அறையை வாடகைக்கு விடலாம் எண்டு மருமேள் சொல்லுறவ. போன கிழமையும் சொன்னவ. எனக்கு முன்னால நிண்டு, சிரிச்சுக்கொண்டு."

"அம்மா, இப்ப கேக்குதே?" என்றாள் கஜந்தி.

அம்மா வழக்கம்போல் திரையைப் பார்த்துச் சிரித்தாள். அதிர்வு அடங்கியிருந்தது.

இனி நிப்பாட்டட்டோ என்று கஜந்தி எழுதிக் கேட்டாள். ஏன், சுடு என்று பதில் வந்தது. ஆகவே அடுத்த சனியும் சுட்டாள். காரில் போகும்போதே நல்ல வசனங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு போனாள். வெடி போனவுடன் அவற்றை விட்டுவிட்டு வெற்றுத் தோட்டாக் கோதைப் பொறுக்கினாள். எதைச் சொன்னாலும் அம்மா அதைப் போன சனி சொன்னதோடு சேர்த்து நிறுத்துப் பார்ப்பாள் என்று தோன்றியது. கோண்டாவிலில் தம்பித்துரை அந்த நேரத்துக்குத் தொலைக்காட்சியை நிறுத்தப் பழகினான். அவன் மனைவி அடுப்படிக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். ஊன்ட்றொப்பில் பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பாடுகள் நின்றதற்காகச் சங்கம் கஜந்திக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. அவள் அதை வாங்கிக்கொண்டாள். வெடி விழுந்து அதிர்வு அடங்கும்வரை இரண்டு நாட்டிலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பது வழக்கமாகிப்போனது.

ஐப்பசியில் ஒருநாள், வெடிக்குப் பிறகு, அம்மா யன்னல் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இப்ப காகம்தான் கதைக்குது, பிள்ளை. பரவாயில்லை. சுடு."

கஜந்தி போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினாள்.