நாலு வாசலுக்கு ஒரே சந்து

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மதியழகனின் போன் அடிக்கத் தொடங்கியது. எடுக்காமலே விஷயம் தெரிந்தது, நெட் இழுக்கிறது என்ற புகார்தான். முந்தின நாள்தான் ஆட்டோவில் மைக் கட்டி, சேவுகம்பட்டியில் ஒரு தெரு விடாமல் சொல்லியிருந்தான், நாளை முதல் நம்ம இன்டர்நெட் மூன்று மடங்கு வேகம் என்று. ஊருக்குள் பெரிய கம்பெனிக்காரன் கம்பம் நட்டுவிட்டான். இருநூறு வீடும் அந்தப் பக்கம் போனால், பதினாறு வருஷம் ஏணியும் கையுமாக அலைந்து பிடித்த பிழைப்பு போச்சு. அந்தப் பயத்தில்தான் கூடுதலாக இரண்டு லைன் வாங்கி, நாலு போர்ட் வைத்த கார்டு ஒன்றைக் கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் சொருகினான். மூன்றில் லைன் உள்ளே வந்தது, நாலாவதிலிருந்து ஊருக்குப் போனது. நாலிலும் பச்சை விளக்கு எரிந்ததும் மனைவி மகேஸ்வரி பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். மத்தியானம் சோதித்தான், பறந்தது. ஊர் பாதி காட்டு வேலைக்குப் போயிருக்கிற நேரம் அது என்று அவன் புத்திக்கு எட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டது.

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஃப்சானாவுக்குப் போன் போட்டான்.

"கார்ட எதுலண்ணே சொருகுனீங்க?"

"இருக்குறதே ஒண்ணுதாம்மா. வெள்ளையா, நீளமா."

"அது பழைய ஸ்லாட்டுண்ணே. வெளிய நாலு வாசல் வச்சுட்டீங்க, உள்ள ஒரே சந்து. வாரதும் அதுலதான், போறதும் அதுலதான். எத்தன லைன் வாங்குனாலும் அம்புட்டுத்தான் போகும்."

"சந்த அகலமாக்க ஏலாதா?"

"மெஷினவே மாத்தணும். அடுத்த வெள்ளிக்குள்ள ஒண்ணு ரெடி பண்ணித் தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை சோலையம்மாள் கடைக்கு வந்தாள். அவன் முதன்முதலில் லைன் இழுத்தது அவள் வீட்டுக்குத்தான். மோடத்தைத் துடைத்து மஞ்சப்பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க எடுத்து வந்திருந்தாள்.

"கோவிச்சுக்காத அப்பு. மகன் துபாய்லருந்து பேசுறப்ப மூஞ்சி அப்படியே நின்னுருது. வாயத் தொறந்தமேனிக்கு நிக்கிறான். பாக்கவே பயமா இருக்கு."

இன்னும் அஞ்சு நாள் பொறுத்தா என்று சொல்ல வாய் வரை வந்தது. மைக்கில் அவ்வளவு கத்தியபின் எந்த முகத்தோடு கேட்பது? வாங்கி வைத்துக்கொண்டான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வியாழக்கிழமைக்குள் பெஞ்சு நிறைந்து, மோடங்கள் தரைக்கு வந்தன. இருநூறில் பத்து வீடுகூட மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை மெஷின் தயார் என்று அஃப்சானா கூப்பிட்டாள். "வாரேம்மா" என்றான். எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஏழு மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. ஏழரைக்கு ஒரே ஒரு தடவை அடித்தது. வீட்டிலிருந்து மகேஸ்வரி.

"ஏங்க, படம் நிக்காம ஓடுது! அம்புட்டு வேகம். சரி பண்ணிட்டீங்களா?"

மதியழகன் பெட்டியைப் பார்த்தான். குங்குமம் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. நாலு விளக்கும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன.

"ஆமா" என்றான்.