கௌசிகாவின் நாற்பத்தேழு

1.
இந்தக் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் ஜெயரூபி, திருகோணமலையில் கணித ஆசிரியை. நான் எழுதுகிறவன் என்று அறிந்ததும் சொன்னார்: "பள்ளிக்கூடத்தில என்னோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை. நீங்கள் எழுதினா ஆராவது வாசிப்பினம்தானே."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'துறைமுகத்தின் நீலத்தில் மாலைச் சூரியன் மெல்ல...' வேண்டாம். அவருடைய வகுப்பறை யன்னலால் தெரிவது பாரந்தூக்கிகள் மட்டும்தான்.

2.
றொஷானி ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து சேர்ந்தவள். பின்னம் என்றாலே பயம். முதலாம் தவணைச் சோதனையில் பன்னிரண்டு புள்ளி, அடுத்ததில் நாற்பது, கடைசியில் எண்பத்துமூன்று. சராசரி நாற்பத்தைந்து. ஐம்பதுக்குக் குறைந்தால் அடுத்த வருடம் இரண்டாம் பிரிவு வகுப்புதான். ஜெயரூபி சராசரியை விட்டுவிட்டு எண்பத்துமூன்றைப் பதிந்தார்.

"இப்ப அவளுக்குக் கணக்குத் தெரியும், சேர்," என்றார் அதிபரிடம். "தை மாசம் தெரியாததுக்கு இப்பவும் ஏன் தண்டனை?"

அதே வகுப்பில் படிக்கும் கௌசிகாவின் தாய் புஸ்பராணி கோபத்தோடு வந்தார். "என்ர பிள்ளை வருசம் முழுக்க எழுபது எடுத்தவள். அதுக்கு மதிப்பில்லையோ?"

(நியாயமான கேள்வி. இந்தத் தாயைக் கெட்டவராகக் காட்டி ஒரு பந்தி எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன்.)

அதனால், விரும்பிய பிள்ளைகள் சனிக்கிழமை சோதனையைத் திரும்ப எழுதலாம், கடைசிப் புள்ளிதான் புள்ளி என்று ஜெயரூபி அறிவித்தார். இனித் தங்களுக்கும் இந்த வேலை வரும் என்று மற்ற ஆசிரியர்களுக்கு எரிச்சல். தேநீர் நேரத்தில் அவர் ஆசிரியர் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

3.
சனிக்கிழமை வந்தது கௌசிகா மட்டும். தாய் முறைப்பாடு சொன்னதிலிருந்து வகுப்பில் அவளோடு யாரும் கதைப்பதில்லை. பாடமாக்கி வைத்திருந்த கணக்குகள் எதுவும் வினாத்தாளில் இல்லை. அதே பாடம், வேறு விதமாகக் கேட்டிருந்தது. வெறும் கதிரைகளுக்கு நடுவில் இருந்து எழுதி முடித்தாள். நாற்பத்தேழு.

"போடுங்கோ, டீச்சர். இல்லாட்டி றொஷானிக்குப் போட்டதும் பிழையாப் போகும்."

"போட்டா நீ இரண்டாம் பிரிவுக்குப் போவாய், பிள்ளை."

"அங்க புதுப் பிள்ளையள்தானே. ஆராவது கதைப்பினம்."

ஜெயரூபி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மத்தியானம்வரை அவளுக்குப் பக்கத்தில் இருந்து, பிழைத்த கணக்குகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். கடைசி இரண்டையும் கௌசிகா தானே செய்தாள்.

4.
முடிவு ஒன்று: ஜெயரூபி எழுபதைப் பதிகிறார். (றொஷானியின் முகத்தை எப்படிப் பார்ப்பார்?)
முடிவு இரண்டு: நாற்பத்தேழு.
முடிவு மூன்று: இன்னொரு சோதனை, அதில் கௌசிகா... எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அதற்கு நேரமில்லை.

"நாளைக்குக் காலமை புள்ளி குடுக்கவேணும்," என்றார் ஜெயரூபி பஸ்ஸில். "நீங்களெண்டா என்ன போடுவியள்?"

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவருடைய தரிப்பிடம் வந்துவிட்டது. இறங்கி, யன்னலுக்குக் கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். சரியான பதில் அவருக்குத் தேவைப்படவில்லை, கூட இருந்து யோசிக்க ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது என்பது பஸ் எடுத்த பிறகே எனக்கு விளங்கியது.

அதன் பிறகு அவரை நான் காணவில்லை. நீங்கள் என்ன போடுவீர்கள்?